மூன்றடி தள்ளி

மனித குலத்தில் பேய்க்குக் கொஞ்சமும் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. இன்னொருவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆவணமாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். கீழே இருப்பது அத்தனையும் நடந்தது. கதைக்காக ஒரு காற்பங்குகூடச் சேர்க்கவில்லை. ஒத்திகைக் கூடத்தின் எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் இருந்ததால் நேரமும் சரியாகவே இருக்கும்.

என் அக்கா நடனம் அமைப்பவள். வசனம் பாதி, அசைவு பாதி என்று மேடைக்காக இருவர் ஆடும் ஒன்றை அமைத்திருந்தாள். ஒருவன் இன்னொருவர் மேல் சாய்ந்து சாய்ந்தே வாழ்கிறான். கடைசியில் தான் யார் என்பதே அவனுக்கு மறந்துவிடுகிறது. அந்த ஒருவன் நான். இன்னொருவர் மாமா, அக்காவின் கணவர். “நீ யாருன்னு உனக்கே தெரியாத மாதிரி ஆடணும்டா” என்பாள் அக்கா. நான் யார் என்பது என் கல்லூரி அடையாள அட்டையில் ரத்த வகையோடு தெளிவாக இருக்கிறது. அதைச் சொன்னதற்குத் தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது.

சிக்கல் கடைசிக் காட்சியில். கண்ணை மூடி, எட்டு எண்ணி, நான் அப்படியே பின்பக்கம் விழ வேண்டும். மாமா பிடிப்பார். எட்டில் இரண்டு கை என்னைப் பிடிக்கும் என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

பதினோரு நாளாக நான் விழவில்லை.

ஏழாவது எண்ணிக்கையில் முதுகில் இரண்டு தட்டு விழும். டக், டக். மாமா தரும் சைகை, நான் இருக்கேன் என்று. அது விழுந்ததும் என் கால் தானாக ஓரடி பின்னால் போய் ஊன்றிக்கொள்ளும். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். “மறுபடியும்” என்பாள். ஒரு நாளைக்கு நாற்பது மறுபடியும். எனக்கு என் காலை வெட்டிப் போட்டால் தேவலை என்று ஆகிவிட்டது. வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். நோட்டீசில் என் முகம் அச்சாகிவிட்டது. நிகழ்ச்சிக்கு இன்னும் நான்கே நாள்.

அன்று கூடத்தைத் திறக்கும்போதே அக்கா கடுகடுவென்று இருந்தாள். வழக்கம்போல முதலில் பூட்டிய கதவை இரண்டு தட்டு தட்டினாள். பிறகுதான் சாவியைப் போட்டாள்.

“உள்ள இருக்கறவங்க சட்டை மாத்திட்டு இருப்பாங்களாக்கா?” என்றேன். இதைத் தினமும் கேட்பேன்.

“இடத்துக்கு ஒரு மரியாதைடா. வாயை மூடிட்டு வா.”

கதவு கிரீச்ச்ச் என்று கத்தியது. அது கத்தாமல் அந்தக் கூடத்துக்குள் எலிகூட நுழைய முடியாது. நான் என்னையே பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடிகளுக்கு அக்கா கறுப்புத் துணி போட்டிருந்தாள்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு அவள் பொறுமை தீர்ந்தது.

“ஆறு மணிக்குள்ள நீ விழலைன்னா, இவர் தனியா ஆடட்டும்.”

“ரெண்டு பேர் ஆடறதை ஒருத்தர் எப்படிக்கா ஆடுவார்?”

“உன் இடத்தைக் காலியா விட்டு ஆடுவார். காலி இடம் உன்னைவிட நல்லா விழும்.”

மாமா இடுப்பில் வலித் தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தார். “விடு மச்சான், உங்க அக்காகிட்ட நான் விழுந்து ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் யாரும் பிடிக்கல.”

அக்காவுக்குப் போன் வந்தது, வெளியே போனாள். மாமா தண்ணீர் பிடிக்கப் போனார். கிரீச்ச்ச். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நாற்பத்தொன்று.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தனியாகவாவது எண்ணிப் பார்ப்போம் என்று தரையில் டேப் ஒட்டிய குறியில் நின்றேன். கண்ணை மூடினேன்.

ஒன்று… இரண்டு… மூன்று…

வெளியே பைப்பில் தண்ணீர் விழும் சத்தம்.

ஐந்து… ஆறு… ஏழு…

டக். டக்.

அதற்குள் வந்துவிட்டாரா? சரி மாமா, பிடித்துத் தொலையுங்கள். கோபத்தில் விழுந்தேன்.

விழுந்தேவிட்டேன்!

இரண்டு கைகள் அக்குளுக்குள் வந்து தாங்கின. மெதுவாக… மிக மெதுவாகத் தரைக்கு இறக்கின. தலை இடிக்காமல் அடியில் ஓர் உள்ளங்கை.

மாமா என்னைப் பிடித்தால் “ஐயோ என் இடுப்பு” என்பார். இன்று சொல்லவில்லை.

தைல வாசனை வரவில்லை.

மூச்சுச் சத்தம்கூட…

உள்ளங்கை தலைக்கு அடியிலிருந்து நழுவியது.

வெளியே மாமாவின் குரல். “இந்தப் பைப்புல சொட்டுச் சொட்டாத்தான் வருது!”

வெளியே.

கதவு கத்தவே இல்லை.

கண்ணைத் திறந்தேன்.

யாருமில்லை.

ஐந்து நாற்பத்து மூன்று.

கிரீச்ச்ச். இருவரும் வந்தார்கள். நான் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

“விழுந்தியா?” அக்காவின் முகம் மலர்ந்தது. “தனியாவா? மறுபடியும் விழு, பார்க்கறேன்.”

எழுந்து நின்றேன். கண்ணை மூடினேன். ஏழு. டக், டக். விழுந்தேன். “ஐயோ என் இடுப்பு!” தைலம் கமகமவென்று மணந்தது. அக்கா பதினோரு நாளில் முதல் முறையாகக் கை தட்டினாள். வேடம் எனக்கே என்றாள். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

“மாமா” என்றேன். “கொஞ்சம் முன்னாடி… தட்டிட்டு வெளிய போனீங்களா?”

“என்னத்தத் தட்டினேன்?”

“ஏழுல. முதுகுல ரெண்டு தட்டு. தினமும் தட்டுவீங்களே.”

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ரெண்டு கையையும் விரிச்சு வெச்சுட்டு நிப்பேன் மச்சான். எந்தக் கையால தட்டறது?”

“விளையாடாதீங்க.”

“அவர் நிக்கற இடம் மூணடி தள்ளிடா” என்றாள் அக்கா. “நான்தானே டேப் ஒட்டினேன். உன் முதுகு அவருக்கு எட்டவே எட்டாது.”

பதினோரு நாள். ஒரு நாளைக்கு நாற்பது முறை.

“எத்தனை தட்டு?” அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ரெண்டு.”

அவள் குனிந்து பையில் சாவியைத் தேட ஆரம்பித்தாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் அவர்கள் வரத் தாமதம். அக்கா சாவியை என்னிடம் கொடுத்து முன்னாலேயே போகச் சொன்னாள். பிற்பகல் மூன்று இருபத்தைந்து, நல்ல வெயில். நடையில் ஈ காக்கை இல்லை. சாவியைப் பூட்டுக்கு அருகே கொண்டுபோனேன்.

பிறகு எடுத்துவிட்டேன்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். கதவை இரண்டு தட்டு தட்டினேன்.

உள்ளே இருப்பவர் சட்டை மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் திறந்தேன்.