சங்கிலி எட்டிய தூரம்

மிருகங்களுக்குத் தேவையற்ற துன்பம் கொடுப்பது குற்றம் என்று வெள்ளைக்காரர் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்று எங்கள் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாயைக் கட்டும் சங்கிலி எத்தனை அடி இருக்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்யப் புறப்பட்ட கதை இது.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம். மயிலிட்டிப் பக்கத்தில் எங்கள் வீடு. முப்பது வருடம் அரச அலுவலகத்தில் இருந்து, மற்றவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் ஓய்வு பெற்றவன் நான். காலை ஏழு மணிக்கு நடைக்குப் போவேன். மதியம் ஒன்றரைக்கு வாசிகசாலையிலிருந்து திரும்புவேன். இரண்டு நேரமும் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையோரம், ஆளில்லாத காணியொன்றின் பூவரச மரத்தில் ஒரு சிவலை நாய் சங்கிலியில் நிற்கும். எதிர்வீட்டில் கருவாடு காயவைக்கும் பெண்ணின் நாய். ஒரு மாதம் திகதியும் நேரமும் குறித்து, பிரதேச சபைக்கு முறைப்பாடு அனுப்பினேன். பொலிசுக்கு ஒரு பிரதி, மிருக வைத்தியருக்கு ஒரு பிரதி. மரத்தடியில் நல்ல நிழல் இருந்தது என்பதை எந்தப் பிரதியிலும் எழுதவில்லை.

பதில் இல்லை. சங்கிலியின் நீளத்தைக் குறிப்பிடாததுதான் குறையென்று முடிவு செய்து, ஒருநாள் மதியம் அளவு நாடாவும் குடையுமாகப் போனேன்.

நாய் குரைக்கவில்லை. வாலைக்கூட ஆட்டியது. நாடாவின் ஒரு முனையை மரத்தில் செருகிவிட்டு, மறுமுனையோடு புல்லுக்குள் பின்பக்கமாக நடந்தேன். திடீரென்று பாய்ந்து நான் உடுத்திருந்த சாரத்தைக் கவ்வியது. குடையால் அடித்தேன். விடவில்லை. மறுபடி அடித்தேன். அது உறுமவும் இல்லை, கடிக்கவும் இல்லை. நாலு காலையும் மண்ணில் ஊன்றி, முனகிக்கொண்டே என்னை மரத்தின் பக்கம் இழுத்தது. நான் உதறியதில் குடை கைநழுவி, பின்னால் கொடி படர்ந்த புதருக்குள் போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கீழே, மிகக் கீழே, தண்ணீரில்.

என் குதிகாலுக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"அசையாதேங்கோ ஐயா! பின்னாலை கிணறு! நாயின்ரை பக்கம் வாங்கோ!" அந்தப் பெண் கருவாட்டுக் கையோடு ஓடி வந்தாள்.

மரத்தடியில் உட்கார்ந்தேன். நாய் சாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"உதென்ன ஐயா, நாடாவோடை? என்னத்தை அளக்கிறியள்?"

"சங்கிலியை." பொய் சொல்லத் தெம்பில்லை.

"அதை நான் அளந்துதான் கட்டினனான். கிணத்து வாய் மட்டும் எட்டும், உள்ளுக்கை விழாது."

"கவ்வி இழுக்க நீர்தான் பழக்கினதோ?"

"நான் ஒண்டும் பழக்கேல்லை. போன மாரியிலை எங்கடை ஆட்டுக்குட்டி உதுக்கை விழேக்கை இவன் பாத்துக்கொண்டு நிண்டவன். அண்டையிலை இருந்து ஆரையும் கிட்டப் போக விடான். ஆனா மீன் மணம் பிடிச்சால் துறைமுகத்துக்கு ஓடிப் போடுவான். அதாலை பள்ளிக்கூடம் தொடங்கிற நேரமும் விடுற நேரமும் மட்டும் கட்டுறனான். பிள்ளையள் குறுக்காலை இதாலைதானே ஓடுறவை."

அந்த இரண்டு நேரமும்தான் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தன.

"சபைக்கு அறிவிக்கேல்லையோ?"

"மூண்டு கடிதம் குடுத்திட்டன். காணிக்காரர் வெளிநாட்டிலையாம், அவையின்ரை சம்மதம் வேணுமாம். அதுவரைக்கும் நாய்தான் மதில்." சிரித்தாள். "உங்களைப்போல படிச்ச ஆக்கள் எழுதினால் ஏதும் நடக்குமாக்கும்."

நான்தான் ஏற்கனவே எழுதியிருந்தேனே! அதன்படி நடந்தால் நாயை அவிழ்த்துக் கொண்டுபோய்விடுவார்கள்; அந்த மதிலும் போய்விடும்.

மறுநாளே சபைக்குப் போனேன். "விசாரணைக்குப் போன முறைப்பாட்டை மீளப் பெற ஏலாது ஐயா" என்றார் எழுதுவினைஞர். நானும் ஒருகாலத்தில் அதே குரலில் அதையே சொன்னவன். இனி ஒரே வழி, நாயை அகற்ற ஆள் வருமுன் கிணற்றுக்கு மதில் வர வேண்டும். காணிக்காரரின் தமக்கை பண்டத்தரிப்பில் இருப்பதாக அறிந்து, மூன்று முறை போய் வெளிநாட்டு இலக்கத்தை வாங்கினேன். சம்மதம் தொலைபேசியிலேயே வந்தது. ஒழுங்கைக்காரர் கல் சுமந்தார்கள். மாரி தொடங்குமுன் மதில் இடுப்பளவு உயர்ந்தது. அந்தப் பெண் சங்கிலியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனாள்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்துத்தான் சபையின் கடிதம் வந்தது. குறித்த இடத்தில் கட்டப்பட்ட நாய் எதுவும் காணப்படவில்லை, ஆகவே முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

முழு உண்மை. கட்டப்பட்ட நாய் அங்கே இல்லை. ஆனால் காலையிலும் மதியத்திலும் பள்ளிக்கூட நேரத்துக்கு அது தானாகவே வந்து, முன்பு சங்கிலி எட்டிய அதே எல்லையில் படுத்திருக்கும். மீன் வண்டி போனாலும் தலையை மட்டும்தான் திருப்பும். கடைசிப் பிள்ளையும் கடந்த பிறகுதான் எழுந்து துறைமுகப் பக்கம் போகும். ஒருவரும் உத்தரவிடாத கடமையை இப்படிச் செய்யும் ஒரு உத்தியோகத்தரை என் முப்பது வருடத்தில் நான் கண்டதில்லை. பதில் என் கைக்கு வந்தது மார்ச் ஒன்பதாந் திகதி; அன்றிலிருந்து, எவ்வளவு வெயிலானாலும், அந்த நாயைக் கடக்கும்போது என் புதுக் குடையை மடக்கிக்கொண்டுதான் போகிறேன்.