ஊடை ஓடாத ஒரு முழம்

எங்கள் பீரோவின் மேல்தட்டில், பட்டுச் சேலைகளுக்கும் மேலே, ஒரு காடாத் துணியை மடித்து வைத்திருக்கிறேன். சலவையும் சாயமும் காணாமல், தறியிலிருந்து இறங்கிய அதே பழுப்பு நிறத்தில் இருக்கிறது. விரித்தால் இரண்டு முனையிலும் நல்ல நெசவு. நடுவில் ஒரு முழத்துக்குத் துணியே கிடையாது. நீளவாக்கில் போகும் பாவு நூல் மட்டும் இழை இழையாக நிற்கிறது. குறுக்கே போகவேண்டிய ஊடை நூல் ஒன்றுகூட இல்லை. தறி ஓடுகிற ஊரில் இதைவிடக் கேவலமான டேமேஜ் வேறில்லை. ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தது தெரியாமல் எவனோ வேடிக்கை பார்த்துக்கொண்டு தறியை ஓடவிட்டிருக்கிறான் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். இதை ஓட்டியவர் என் மாமனார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. அம்மாவும் நானும் பிழைக்க வந்து வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தோம். அங்கே கட்டிங்கில் இருந்தவர்தான் என் வீட்டுக்காரர். அவர்கள் மங்கலத்தில் தறி போட்ட குடும்பம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடித்து அவர் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது மாமனார் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே போனேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை. அத்தை உயிரோடு இருந்திருந்தால் நடுவில் நின்று ஏதாவது செய்திருப்பார். அவர் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

பேசவில்லை என்றால் பேச்சே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லாம் மூன்றாவது ஆள் வழியாக நடக்கும். நான் சோற்றுச் சட்டியோடு பக்கத்திலேயே நிற்பேன். அவர் மகனைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு" என்பார். நானும் சளைத்தவள் இல்லை. "ரசம் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்பேன். மகன் வீட்டில் இல்லாவிட்டால் தறி ஓட்டுகிற ஆட்களிடம் சொல்லி அனுப்புவார். அதில் ஒருவர் ஒடிசாக்காரர். அவருக்குத் தமிழ் அரைகுறை. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் தலையாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். எனக்கும் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரியும். ஒரு வீட்டில் இருந்துகொண்டு தபால் போட்டுக்கொள்கிற மாதிரிதான் எங்கள் குடும்பம் நடந்தது.

வீட்டுக்கும் தறிக் குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர். விடிந்ததும் தொடங்குகிற சத்தம் ஷிப்டு மாறும்போதுகூட நிற்காது. வந்த புதிதில் எனக்கு மண்டை இடித்தது. பிறகு பழகிப்போனது. மங்கலத்தில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். பேசினால் காதில் விழாது. பாப்பா பிறந்ததும் அவளுக்கு அந்தச் சுவரை ஒட்டியே தொட்டில் கட்டினேன். வேறு இடத்தில் உத்திரத்துக் கொக்கி இல்லை, அதனால்தான். அந்தச் சத்தத்தில் அவள் தூங்குவதைப் பார்த்து எங்கள் அம்மா போனில் அதிசயப்பட்டார்.

அவளுக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது அந்தப் புயல் வந்தது. புயல் எங்களுக்கு வந்ததென்று சொல்லக்கூடாது. கிழக்கே கடற்கரையில் ஊர் ஊராகச் சாய்த்துவிட்டு, களைத்துப்போய்த்தான் எங்கள் பக்கம் வந்தது. அந்தக் களைத்த காற்றுக்கே சாலையோரப் புளியமரங்கள் மின்கம்பிமேல் விழுந்தன. கம்பங்கள் சாய்ந்து, டிரான்ஸ்பார்மர் ஒன்று வாய்க்காலில் கவிழ்ந்தது. லைன்மேன்களையும் புதுக் கம்பங்களையும் லாரி லாரியாகக் கடற்கரை மாவட்டங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வீடே இல்லாமல் நிற்கிறார்கள், உங்களுக்குக் கரண்டுதானே இல்லை என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு மோட்டார் போட முடியாதே.

போர்வெல் ஓடவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தியே எல்லோருக்கும் கை காய்த்தது. இன்வெர்ட்டர் முதல் நாளே உயிரை விட்டது. போன்களை ஒரு பையில் போட்டுப் பால் சொசைட்டி ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எந்தப் போன் யாருடையது என்று அங்கே ஒரு சண்டை நடக்கும். மாவு அரைக்க வழியில்லாமல் ஊரே உப்புமாவில் இறங்கியது. தறி நின்ற பிறகும் ஊர்க்காரர்களின் குரல் மட்டும் இறங்கவில்லை. சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை எப்படி இறங்கும்? யார் வீட்டில் மாமியார் சரியில்லை, யாருக்கு மூட்டு வலி என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனது. எங்கள் வீட்டில் மட்டும் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, பேசினால்தானே.

வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியில் பெரிய ஜெனரேட்டர் இருந்தது. ஷிப்மென்ட் தேங்கி நிற்கிறது என்று ஆட்களை அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு தடவை வந்து ரொட்டியும் மெழுகுவத்தியும் கொடுத்துவிட்டுப் போனார். தறி ஆட்களும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான், பாப்பா, மாமனார். மூன்றாவது ஆளே இல்லை. ஒரு பகல் முழுக்க அவர் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் தொட்டில் பக்கம் வந்து, எட்ட நின்றபடி, "கண்ணு, அப்பாருக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லு" என்றார். தாத்தாவை இந்தப் பக்கம் அப்பாரு என்பார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அதுதான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொம்பை வைத்தேன்.

சிரிப்பு அதோடு சரி. பாப்பா தூங்கவே இல்லை. கரண்டு போன அன்றிலிருந்து அழுகை. கண் சொருகும், அடுத்த நொடி தூக்கிவாரிப்போட்டு விழித்துக்கொண்டு வீறிடும். பாலும் சரியாகக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். பக்கத்து வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போட்டார். நான் ஜெபம் செய்தேன். சுற்றிப் போட்டதும் ஜெபமும் ஒன்றுக்கொன்று ஆகாதோ என்றுகூடக் குழம்பினேன். தூக்கமில்லாமல் எனக்குப் புத்தி பேதலித்துவிடும்போல் இருந்தது. பிள்ளையின் எடை கையிலேயே குறைந்து தெரிந்தது. அந்தப் பயத்தை இப்போது எழுதும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. அப்போது அப்படி இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துரு. பேச ஆளில்லாத வீட்டுல கெடந்து என்னத்தக் கண்ட? வந்தா அப்படியே இருந்துரலாம்" என்றார். அந்தக் கடைசிச் சொல் எனக்கு வேண்டியிருந்தது. திரும்பி வரவேண்டாம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். மாமனாரிடம் நேராகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம், மதியப் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று அவர் காதில் விழும்படி சொன்னேன். எங்கள் வீட்டுத் தபால் முறை அதுதான். பிள்ளையின் துணிகளைப் பையில் திணித்தேன்.

பாப்பா தொட்டிலில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. மாமனார் அதைக் கேட்கப் பொறுக்காமல் எழுந்து குடோனுக்குள் போனார். தறி ஓடாத நாட்களில் அவர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். நாடாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் துடைப்பார், எண்ணெய் விடுவார். அன்றும் அதைத்தான் செய்திருக்கிறார். தறியின் பக்கவாட்டில் ஒரு இரும்புச் சக்கரம் உண்டு. மோட்டார் இல்லாதபோது அதைக் கையால் சுற்றினால் தறி மெல்ல அசையும், ஒரு சுற்றுக்கு ஒரு அடி விழும். எண்ணெய் இறங்கட்டும் என்று இரண்டு சுற்றுச் சுற்றினார். டடக், டடக்.

பாப்பாவின் அழுகை நின்றது.

அவர் கையை எடுத்தார். மறுபடி அழுகை. சுற்றினார். நின்றது. நான் பையோடு குடோன் வாசலுக்குப் போய்விட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பிறகு அவர் திரும்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, வலது கை ஓய்ந்தால் இடது கை, இடது ஓய்ந்தால் வலது. மோட்டார் போடுகிற வேகம் ஒரு கிழவர் கைக்கு வருமா? கட்டை வண்டி போவது மாதிரிதான் ஒவ்வொரு அடியாக விழுந்தது. பாப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, கையை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் எதற்காக அழுதாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. நின்றபடியே அழுதேன்.

பஸ்ஸுக்கு நேரமானது. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. அவர் சுற்றிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "கண்ணு, உங்கம்மாளப் போவ வேண்டாம்னு சொல்லு" என்றார்.

வழக்கப்படி நானும் பாப்பாவிடம்தான் பதில் சொல்லியிருக்கவேண்டும். என்னமோ தோன்றியது. "பாப்பா தூங்குது மாமா. யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

சக்கரம் சுற்றியது. முதுகெல்லாம் வேர்வை. நாலைந்து அடி விழுந்திருக்கும். "போவாத கண்ணு" என்றார்.

தூங்குகிற பிள்ளை எங்கே போகப்போகிறது? பையை இறக்கி வைத்தேன்.

அவள் விழித்தபோது வெயில் இறங்கிவிட்டது. அவர் அப்போதுதான் கையை எடுத்துவிட்டுத் தறியைப் பார்த்தார். நாடா இல்லாத தறியில் பாவு மட்டும் நகர்ந்து, ஒரு முழத்துக்கு ஊடையே இல்லாமல் கிடந்தது. துணி நகராமல் இருக்க, அதைச் சுருட்டும் உருளையில் மாட்டியிருக்கும் ஒரு இரும்புப் பல்லைத் தூக்கிவிட்டால் போதும். வேலைக்கு வந்த மறுநாளே எவருக்கும் தெரிகிற சங்கதி. இந்தத் தப்புக்காக அவர் ஆட்களை எந்தப் பாடு படுத்துவார் என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு முழத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். மறுநாளிலிருந்து பல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் சுற்றினார். கரண்டு வரும்வரை தினமும் மதியம் சுற்றினார். ராத்திரிக்கு அவளை என் மேலேயே போட்டுச் சமாளித்தேன். கரண்டு வந்த அன்று ஊரே கூச்சல் போட்டது. எல்லாத் தறியும் ஒரேயடியாக ஓட ஆரம்பிக்க, நானும் பாப்பாவும் மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினோம்.

மாமனார் டேமேஜை வெட்டி எடுத்து, சமையலறை வாசலில் வைத்து, "கண்ணு, உங்கம்மாகிட்டக் குடு. அடுப்புத் தொடைக்க ஆவும்" என்றார். பழையபடி தபால்தான். அதற்குப் பிறகும் கடைசிவரைக்கும் பாப்பா வழியாகத்தான் என்னிடம் பேசினார். அவள் வளர்ந்த பிறகு, "நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்குங்க, எனக்கு ஓம் ஒர்க் இருக்குது" என்று கத்துவாள். எனக்கு அதில் குறையொன்றும் இருக்கவில்லை. என்னிடம் நேராகச் சொல்லவேண்டியதை அவர் ஒரு தடவை சொல்லிவிட்டார். அந்தத் துணியால் நான் அடுப்பைத் துடைக்கவில்லை.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தறி இன்னும் ஓடுகிறது. கூரையில் சோலார் பலகை போட்டிருக்கிறோம், இன்வெர்ட்டரும் பெரிது, ஆனாலும் தறிக்கு அது போதாது. போன வாரம் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்டை நிறுத்தினார்கள். தறி நின்றதும், லீவு நாளில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போதும் அவளுக்கு அப்படித்தான். எரிச்சலோடு வந்தவள், நான் பீரோவை ஒழுங்குபடுத்துவதைப் பார்த்து அந்தத் துணியை விரித்தாள். தறி வீட்டுப் பிள்ளை. ஒரு பார்வை போதும். "ஐயே, யாரும்மா இப்படி ஊடை இல்லாம ஓட்டுனது?" என்றாள்.

"உங்க அப்பாருதான்."

"போம்மா. அப்பாரு இப்படி ஓட்டவே மாட்டாரு."

"ஓட்டுனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் நம்பாமல், ஊடை இல்லாத இடத்தில் உள்ளங்கையை வைத்து, நூல்களுக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தாள். "ஒரு முழம் இருக்குதே. எவ்வளவு நேரந்தான் பாக்காம ஓட்டுனாரு?"

"நீ முழிக்கிற வரைக்கும்" என்றேன்.