ஹோன் இல்லாத கார்

அன்று வாங்கிய அடி எனக்குத் தேவைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹட்டன் பஜாரில் எங்களுக்குத் துணிக்கடை. முப்பத்திரண்டு வயதில் இரண்டு சீட் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரொன்றை வாங்கி, நுவரெலியாவில் நடக்கவிருந்த ஆட்டோகிராஸுக்குப் பெயர் கொடுத்தேன். மைதானத்தில் கூம்புகளை வைத்து, இடிக்காமல் யார் வேகமாகச் சுற்றுகிறார் என்று பார்க்கும் போட்டி. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு ஸ்டெப்னி, ரேடியோ, கடைசியில் ஹோனையும் கழற்றிப் போட்டேன்.

பயிற்சிக்குத் தோட்டத்து ரோட்டில் இறங்கினேன். எங்கள் மலையில், எதிரே வருவது தெரியாதபடி ரோடு வளையும் ஒவ்வொரு முடக்கிலும் ஹோன் அடிப்பார்கள். தேயிலைக் கொழுந்து சுமப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்கள். மூன்றாவது முடக்கில் ஒரு அக்காவை இடித்தேன். கொழுந்து மூட்டை கண்ணாடியில் மோதிச் சிதறியது. அவர் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தார். இடது முழங்கை பின்பக்கமாக மடங்கியிருந்தது.

இறங்கியதும் நான் கத்தினேன்: "கண்ணு தெரியலையா?"

"ஹோன் அடிக்கலையே தம்பி..."

பின்னால் வந்த அவர் புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் என் வாயில் அடித்தார். இரண்டு பற்கள் தெறித்தன. கத்தியைத் திருப்பி ஓங்கியபோது அந்த அக்கா அலறினார்: "விடுங்க! அவன வெட்டிட்டா என்னைய ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டுபோறது?"

கத்தி என் மேல் இறங்காமல் கார் கண்ணாடியில் இறங்கியது.

விரிசல் விட்ட அந்தக் கண்ணாடி வழியே, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு முடக்கிலும் பக்கத்து சீட்டிலிருந்த அந்த அக்கா, ஒடிந்த கையை மடியில் பிடித்தபடி வெளியே தலையை நீட்டி, "கார் வருது, ஒதுங்குங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

இப்போதும் போட்டிக்குப் போகிறேன். கூம்புகளுக்குக்கூட ஹோன் அடிக்கிறேன்; எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அக்கா ஒரு கையால்தான் கொழுந்து பறிக்கிறார்.