ஸ்டெப்னிக் கால்

எங்கள் மாமா ஒரு ஜீப் பானட்டிலிருந்து இரும்பு மனிதன் ஒருவனைச் செய்தார் என்று சொன்னால் என் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. "ரீல் விடாதே" என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் சாலையோரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எதிலாவது இடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். நசுங்கிய கதவும் ஒடுங்கிய மட்கார்டும் மாமாவிடம் வந்து, சுத்தியலால் நாலு தட்டு வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பிப் போகும். எங்கள் வீடும் மாமா வீடும் சாலைக்குக் கீழே, சரிவில், அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் ஒரே படிக்கட்டுதான். செங்குத்தான படிகள், கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் பாசி வேறு.

மாமாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. எடை தாங்கினால் முழங்கால் மடங்கிவிடும். அதனால் ஒவ்வோர் அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் நடப்பார். எனக்கு அதில் ஒரு விசித்திரமும் தெரிந்ததில்லை. சிலர் மீசை வைத்திருக்கிறார்கள், மாமா தொடையில் கை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். போலியோ காலில் மாட்டும் பழைய இரும்புக் காலிப்பர் ஒன்று அவர் வீட்டுப் பரண்மேல் கிடந்தது. அதைப் போட்டால் கால் விறைப்பாக நிற்கும், ஆனால் உட்காரும்போது மடங்காது. பட்டறை வேலையோ பாதி உட்கார்ந்து செய்கிற வேலை. அதனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டாராம்.

அந்த வருடம் அத்தை மாசமாக இருந்தாள். பெரியவர்கள் எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேச, மாமா மட்டும் படிக்கட்டைப் பற்றிப் பேசுவார்.

"ஒரு கை தொடைல. மிச்சம் ஒரு கைதான். பச்சக் கொழந்தைய ஒத்தக் கைல வெச்சுட்டு இந்தப் படில நான் எப்படிக்கா எறங்கறது?"

"நீ எதுக்குடா தூக்கோணும்? நாங்க இத்தன பேரு இருக்கறமல்ல" என்றாள் அம்மா.

ஆறுதலாகத்தான் சொன்னாள். மாமா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார். ஆறுதல் சொன்னால்கூட ஒருத்தருக்குக் கோபம் வருமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அப்போதுதான் ஒரு ஹோட்டல் முதலாளி வந்தார். கோயமுத்தூர்க்காரர். பழைய துரை பங்களா ஒன்றை வாங்கி ஹோட்டலாக்கியிருந்தார். வெளிநாட்டில் எங்கோ ஒரு கோட்டையில் பார்த்த இரும்புக் கவசத்தைப் போனில் காட்டி, தலை முதல் கால்வரை அது மாதிரியே தன் மாடிப்படி ஓரத்தில் நிற்க வேண்டும் என்றார்.

"பாக்கறவன் ஒரு நிமிசம் மெரளோணுமுங்க. வேறொண்ணும் வேண்டாம், சும்மா நின்னாப் போதும்."

மாமா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தையும் வாளையும் விட்டுவிட்டு முழங்காலிலேயே நின்றது அவர் கண்.

"நிக்கறதுக்குன்னா தகர டப்பா போதுமுங்க. இது நடந்த சாமானுங்க. நடக்கற மாதிரிதான் நான் செய்வேன்" என்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே, எப்படியோ செய்யுங்கள் என்று போய்விட்டார். வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு இது என்ன கூத்து என்று அவளுக்கு ஆற்றாமை.

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. அதன் பானட்டைக் கழற்றி, பச்சைப் பெயின்டை நெருப்பில் காட்டி உரித்தார். உடம்பு அளவுக்கு ஆள் வேண்டுமே? கையோடு இருக்கிற ஆம்பிளை தான்தானே என்று தன் உடம்புக்கே காகிதம் வெட்டினார். குளிர்காலமாகையால் தலையில் மங்கி குல்லா இருந்தது. அதைக் கழற்றாமலே தலைக்கும் அளவெடுத்துவிட்டார். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் மங்கி குல்லாவும் தலையும் ஒன்றுதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு சில்வர் ஓக் அடிமரத்தில் குழி தோண்டி வைத்திருந்தார். அதன்மேல் தகட்டைப் போட்டு, உருண்டை முகம் கொண்ட சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுவார். பலம்கொண்டு அடிப்பதில்லை. ஒரே சீராக, பொறுமையாக, டொக் டொக்கென்று. ஐயோ, அதை எப்படிச் சொல்வது! சப்பையாகக் கிடந்த தகடு என் கண்ணெதிரே மெல்ல மெல்ல மூச்சு இழுத்து நெஞ்சாக உப்பியது. முரண்டு பிடித்தால் நெருப்பில் சிவக்கவிட்டு ஆறவைப்பார். அப்புறம் சொன்ன பேச்சு கேட்கும். தோளுக்கு ஒரு குழி, முழங்கைக்கு ஒரு குமிழ், விரலுக்கு விரல் தனித்தனித் தகடு. சுண்டுவிரல் தகட்டை என் விரலில் மாட்டி மடக்கிப் பார்க்கச் சொன்னார். மடங்கியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எல்லாவற்றையும்விட முழங்கால்தான் எனக்கு மாயமாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் எங்கள் சுவரில் ஊரும் மரவட்டைக்கு இருப்பதுபோலத் தகட்டின்மேல் தகடாக அடுக்கி, ரிவெட் அடித்துக் கோத்திருந்தார். ஒரு பக்கம் சுருளும், மறுபக்கம் நிமிரும். நிமிர்ந்தபின் அதற்குமேல் வளையாது. அதைக் கையில் வைத்து மடக்குவார், நீட்டுவார், மறுபடி மடக்குவார். கூப்பிட்டால் காதிலேயே விழாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சேருகிறதா என்று போட்டுப் பார்த்துவிடுவதாகச் சொன்னார். அம்மா பிளாஸ்க்கில் டீயோடு வந்தாள். அத்தை பழைய ரஜாய்ப் போர்வையை வெட்டி, உள்ளே போட்டுக்கொள்ள மெத்தென்று ஒரு சட்டையே தைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்த மாமாவுக்கு நாங்கள் மூவரும் வார் வாராக இழுத்துக் கட்டினோம். தலைக்கவசத்தை மாட்டினால் அது லொடலொடவென்று சுற்றி, கண் இருக்க வேண்டிய இடத்தில் காது வந்து நின்றது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனுங்க, குல்லாயப் போட்டுட்டு மாட்டுங்க" என்றாள் அத்தை.

மங்கி குல்லாவின் மேல் மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது முழங்கால் ரிவெட்டுகளை அவர் கொஞ்சம் அதிகமாகவே அடித்து இறுக்கிவிட்டிருந்தார் போலிருக்கிறது. நிமிர்ந்த தகடு நிமிர்ந்தபடியே விறைத்து நின்றுவிட்டது. சலித்துக்கொண்டு அதைத் தட்டிவிடக் குனிந்தவர், அப்படியே நின்றார். பிறகு ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி.

கை தொடையில் இல்லை.

கிணுக், கிணுக் என்று பட்டறை வாசல்வரை நடந்தார். வெளியே மூடுபனி. அந்த வெள்ளையில் வாசலை அடைத்துக்கொண்டு இரும்பாக, நெட்டையாக நின்றார். மாமா இத்தனை உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது! ஒரு பெரிய ராஜா எங்கள் பட்டறைக்குள் வந்துவிட்டதைப் போலிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நின்றபடியே இரண்டு கையையும் தூக்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. குன்னூர்க் குளிரில் வேர்வை!

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"ஏனுங்க, இன்னொருக்கா நடங்க" என்றாள் அத்தை.

மாமா இன்னொரு முறை நடந்தார். வேறொரு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன். ஏனோ கைதட்டத் தோன்றவில்லை.

மறுநாளே அவர் இன்னொரு கால் செய்யத் தொடங்கினார். இடது கால். அதற்கு மட்டும் மெல்லிய தகடு, உள்ளே ரஜாய்த் துணி, பக்கத்துக்கு ஒரு இரும்புச் சட்டம். ஜீப் கதவின் பூட்டைப் பிரித்து அதன் கொக்கியை முழங்காலில் வைத்தார். நிமிர்ந்தால் டிக்கென்று விழும், விரலால் தூக்கினால் மடங்கும். செய்வார், பிடிக்காமல் பிரிப்பார், மறுபடி செய்வார். எனக்குக் கணக்கு உதைத்தது.

"மாமா, ஆளுக்கு ரெண்டு கால்தானே? இது எதுக்கு மூணாவது?"

"வண்டின்னா ஸ்டெப்னி வேண்டாமா அம்மிணி? இது ஸ்டெப்னிக் காலு" என்றார்.

அட, ஆமாம் என்றுதான் எனக்கும் பட்டது.

செய்து முடித்த கவசத்தை, எங்கள் இரும்புத் துரையை, நிற்கவைத்தபடியே கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். ஹோட்டல் மாடிப்படியோரம் மெருகு பளபளக்க நின்ற அதைப் பார்த்து, முதலாளி தன் ஆசைப்படியே ஒரு நிமிடம் மிரண்டு போனார். ஊரெல்லாம் கூட்டிவந்து காட்டினார். ஸ்டெப்னி மட்டும் வரவில்லை. மாமா மறந்துவிட்டார் என்று எனக்கு மனசுக்குள் உறுத்தல், பெரிய இடத்தில் மானம் போய்விடக் கூடாதே என்று வாயைத் திறக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்து எங்கள் படிக்கட்டின் மேலே நின்றது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அத்தை இறங்கியதும் குழந்தைக்காக அம்மா கையை நீட்டினாள்.

"நான் எடுத்துக்கறேங்க்கா" என்றார் மாமா.

"டேய், படி வழுக்குதுடா."

"நான் எடுத்துக்கறேன்."

இரண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். லொடலொடவென்று புதிதாக ஒரு பேன்ட் போட்டிருந்தார். இடது காலை முதலில் கீழ்ப்படியில் வைத்து, பிறகு வலது காலை இறக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் கிணுக்கென்று ஒரு சத்தம். பூட்ஸ் புதுசு போல என்று நினைத்துக்கொண்டு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே இறங்கினேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் ஒருத்தராவது குழந்தையைப் பார்க்க வேண்டாமா? எல்லோரும் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். குழந்தைக்குத் தலையில் முடியே இல்லை, அதற்குத்தான் அழுகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய், மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"மாமா, அந்த ஸ்டெப்னிக் கால ஹோட்டல்ல எப்பக் குடுப்பீங்க? மறந்துட்டீங்களா?"

மாமா என்னையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார்.

"அது டூட்டிக்குப் போயிருச்சு அம்மிணி" என்றார்.

பாவம், எந்த வண்டிக்கோ என்று நினைத்துக்கொண்டே நான் விளையாடப் போய்விட்டேன்.