சாயம் என்று நினைத்த சிவப்பு

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறேன். சிவப்புத் தாளின் சாயம் விரலில் ஊறிக் கிடக்கும். அந்தக் கையோடுதான் மதியச் சோறு. அதனால் மலத்தில் சிவப்பைப் பார்த்தபோது நான் பயப்படவில்லை. பக்கத்தில் பின்னும் மாரியிடம் மட்டும் சொன்னேன்.

"சோத்தோட உள்ள போற சாயந்தாங்க்கா. எனக்கும் அப்படித்தான் போகுது. மோர் குடிங்க" என்றாள்.

குடித்தேன். வயிறு இறுகுவதும் இளகுவதுமாக இருந்தது. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனது. தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளில் என் கையில் சாயம் வெளுத்துவிட்டது. மலத்தில் மட்டும் சிவப்பு நிற்கவில்லை. அது சாயமில்லை, ரத்தம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது; ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

விருதுநகரில் ஸ்கேன் எல்லாம் பார்த்த டாக்டரம்மா, "குடல்ல புத்துநோய்ம்மா. ஈரலுக்கும் பரவிருச்சு. ரத்தம் பாத்ததுமே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்" என்றார்.

நேரே மாரி வீட்டுக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதைச் சொல்லி, நாளைக்கே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினேன்.

"கம்பெனி தெறந்துட்டாகக்கா. இந்த ஆர்டர் முடியட்டும், பாப்போம்" என்றாள். அவள் விரல்கள் மறுபடி சிவந்திருந்தன.

அவளை நம்பவைக்க என் சாவு ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. அதற்குள் அவளுக்கும் காலம் கடந்துவிடும்.