ரெஃபரல் கேட்ட வீட்டில் தோட்டம் கேட்கலாமா?

தீபாவளிக்கு ஊரையே அழைத்துச் சோறு போடும் ஓப்பன் ஹவுஸ் முடிந்து ஆறு நாளாகிறது. வீட்டில் இன்னும் மூன்று டின் முறுக்கு மீதம். நேற்றுவரை என் பேத்தி ஷாமினி என்னோடு பேசிய வார்த்தைகள் பதினொன்று. அதில் மூன்று, "சாப்பிட வாங்க தாத்தா."

தப்பு என்னுடையதுதான் என்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள்...

ஷாமினி கோலாலம்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். கம்பெனி ஆளைக் குறைத்தது, அவளும் குறைந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, இங்கே மலாக்காவில், தெங்கேராவில் அவள் மாமா நடத்தும் டயர் கடையில் பில் போட உட்கார வேண்டும். மாமா நாற்காலியே வாங்கிவிட்டார்.

விண்ணப்பம் போடுவதுதானே என்றேன்.

"அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க தாத்தா. கம்பெனி உள்ள இருக்கிறவங்க சிபாரிசு பண்ணி ரெஃபர் பண்ணணும்."

"உள்ள யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது. அதான் எல்லாரையும் கேக்குறேன்."

முன்பின் தெரியாதவர்களுக்கு அறுபத்திரண்டு மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் 'உங்கள் பயணம் எனக்குப் பெரிய உந்துதல்' என்று ஒரு வரி. எந்தப் பயணம்? போன வாரம் வேலையில் சேர்ந்த பையனுக்கும் அதே வரி! என் அப்பா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை கேட்டு, கணக்கெழுதும் கிராணியார் வீட்டுக்குப் போனால் கையில் ஒரு கோழி இருக்கும். கோழியாவது நிஜம்.

ஐந்து பதில் வந்தது. நான்கு, வெறும் கட்டைவிரல் படம். ஐந்தாவது விக்னேஷ். அவனும் மலாக்காக்காரனாம், தீபாவளிக்கு வருகிறானாம். ஓப்பன் ஹவுஸுக்கு அழைத்துவிட்டாள்.

வந்தான். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான். அவள் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டான். திருப்தி. "ஓகே லா, இப்பவே ரெஃபரல் போட்டுடுறேன்" என்று போனை எடுத்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்த பையனிடம் அதைக் கேட்காமல் எப்படி அனுப்புவது?

"தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

"நாங்க தாமான்தான் அங்கிள், டவுன் வீடு. எங்கப்பாவோட அம்மாதான் ஜாசின் பக்கம் தோட்டத்துல இருந்தாங்க."

"பாட்டி பேரு?"

"அஞ்சலை."

"முத்துசாமி கங்காணி மகளா?"

"ஆமா... உங்களுக்கு எப்படி?"

"எப்படியா? உன் பாட்டி எனக்குப் பெரியம்மா மகள்டா!"

தோட்டத்தை விற்றபோது திசைக்கொன்றாகச் சிதறிய குடும்பம். கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "அப்ப உங்கப்பா எனக்கு மருமகன். என் மகனுக்கு மச்சான். அட... ஷாமினி உனக்கு முறைப்பொண்ணு!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. விக்னேஷுக்கு அங்கிளாக இருந்த நான் தாத்தாவாகிவிட்டேன். ஷாமினி மட்டும் சிரிக்கவில்லை. விக்னேஷின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போன் மேல் அப்படியே நின்றிருந்தது.

"தாத்தா... இந்த ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. இவங்க உங்க சொந்தமான்னு."

"சந்தோஷமா ஆமான்னு போடு!"

"ஆமான்னா என் ரெஃபரல் செல்லாது."

"அப்ப இல்லைன்னு போடு."

"அஞ்சு நிமிஷம் முன்னாடின்னா போட்டிருப்பேன் லா. இப்பத் தெரிஞ்சுபோச்சே. எனக்கே இன்னும் வேலை நிரந்தரமாகல தாத்தா."

பொய் சொல்லாத பிள்ளை. நம் குடும்பமல்லவா!

போனை வைத்துவிட்டான். ஷாமினி எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

என்ன உலகமோ! முகம் தெரியாதவரை 'எனக்குத் தெரிந்தவர்' என்று எழுதிக்கொடுக்கலாம். நிஜமாகவே தெரிந்துவிட்டால் எழுதக்கூடாது. நமக்கோ அந்நியனை அந்நியனாக விட்டுவைக்கத் தெரிவதில்லை. முறுக்குத் தட்டை நீட்டும்போதே வம்சத்தைத் தோண்டிவிடுகிறோம்.

நேற்று நல்ல செய்தி. அறுபத்து மூன்றாவது மெசேஜுக்கு யாரோ ஒரு பெண் ரெஃபர் செய்துவிட்டாளாம். புதன்கிழமை வீட்டிலிருந்தே வீடியோவில் நேர்காணல். அந்தப் பெண்ணும் அதில் இருப்பாளாம்.

"நம்ம பொண்ணா? எந்த ஊரு?" என்றேன்.

ஷாமினியின் மௌனம் அங்கேதான் கலைந்தது.

"புதன்கிழமை நீங்க மாமா கடையில போய் உக்காருங்க தாத்தா!"

நல்லவேளை, அவர் வாங்கிய நாற்காலி வீணாகவில்லை.