மைக்கம்மாவின் பத்து மாதங்கள்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று காலையிலிருந்து மாலைவரை ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். அந்தக் குரலை அறியாதவர் நிலையத்தில் கிடையாது. முகத்தை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக், திறக்க வராத ஒரு ஜன்னல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நேரக்காப்பாளர் உட்கார்ந்திருப்பார். வண்டி உள்ளே நுழைந்ததும் ஒரு சீட்டில் கிறுக்கித் துளை வழியே நீட்டுவார். பல வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை என்றால் அந்தச் சீட்டுதான். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி நமக்கில்லை என்று மனம் ஆறிப்போன பிறகு, அவளுக்கு நாள் தள்ளிப்போனது. புருஷனுக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை. சேதி உறுதியான அன்று அவன் நடுக்கடலில் இருந்தான். விட்டு விட்டுக் கேட்ட போனில் "நிஜமாவா, நிஜமாவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. ஒப்பந்தம் முடியாமல் அவன் இறங்க வழியில்லை. அம்மாவும் அப்பாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்த ஒரே அக்காவும் வேறு ஊரில், படுக்கையில் விழுந்த மாமியாரை விட்டு நகர முடியாமல் இருந்தாள்.

வேலை செய்யும் இடத்தில் அவள் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை சந்தோஷம் தாங்காமல் எல்லோரிடமும் சொல்லி, மூன்றாம் மாதமே அது கலைந்துபோய், விசாரித்தவர்களுக்கெல்லாம் "இல்லை" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டி வந்தது. கலைந்ததைவிட, அப்படிச் சொல்லித் திரிந்ததுதான் அவளை அரித்தது.

மசக்கை அவளைப் புரட்டி எடுத்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாலே குமட்டும். அவள் மாதாமாதம் காட்டப் போன கிளினிக்கில் இருந்த நர்ஸ் வாயாடி, ஆனால் காரியக்காரி. எழுந்திருப்பதற்கு முன்பே படுக்கையில் உட்கார்ந்து இரண்டு உலர்ந்த பிஸ்கட்டைக் கடி, வயிற்றைக் காலியாக விடாதே, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள் என்றாள். அது பலித்தது. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாள்.

பலிக்காதது மற்றவைதான். நிறையத் தண்ணீர் குடி என்றால் எப்படிக் குடிப்பாள்? கழிப்பறை நிலையத்தின் மறுகோடியில் இருந்தது. படி இறங்கி, கூட்டத்தைப் பிளந்து போய்த் திரும்புவதற்குள் நாலு வண்டி வந்து நாலு வண்டி போய்விடும். எனவே குடிப்பதையே குறைத்தாள். முட்டிக்கொண்டு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அசதிக்குத் தேநீர் வரவழைத்து, அதோடு சேர்த்தே மாத்திரையையும் விழுங்கினாள். மாலையில் செருப்பின் வார் வீங்கிய பாதத்தில் பதிந்து கிடக்கும்.

வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. நாளெல்லாம் பேசிய வாய்க்கு வீட்டில் வேலையே இருக்காது. ஒரு சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, உள்ளே மீன் குஞ்சு வாலை அடித்தது போல ஒரு துடிப்பு. முதல் அசைவு. கை ஈரத்தோடு அப்படியே நின்றாள். யாரையாவது கூப்பிட்டு "இங்கே கையை வச்சுப் பாரு" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அக்காவுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஏழாம் மாதத் தொடக்கத்தில் அடிவயிற்றில் கடுப்பும் சிறுநீரில் எரிச்சலும் ஆரம்பித்தன. சூடு என்று நினைத்து விட்டுவிட்டாள். ஒரு பிற்பகல், மைக்கின் பொத்தானை அழுத்திப் பேச வாயெடுத்தவளுக்கு உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. வயிறு கல்லாக இறுகித் தளர்ந்தது, மறுபடி இறுகியது. பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டாள். நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் அவள் மூச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

சிடுமூஞ்சி கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே அன்றுதான். அவள் முகத்தையும், வயிற்றைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"ஏழு, சார்."

"சொல்லவே இல்லையேம்மா."

அவர் கீழே பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, மைக்கம்மாவை அவளோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். படியிறங்கும்போதே பின்னால் அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. நடைமேடையைத் தப்பாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திருத்திச் சொல்லும்போது மறுபடியும் தப்பாகச் சொன்னார்.

பெருக்கும் அம்மா ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, வேலை பாதியில் நிற்கிறது என்று கலங்கிய முகத்தோடு திரும்பிப் போனாள். உள்ளே பெயர் எழுதுகிறவர் கூட வந்தவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். யாரும் இல்லை என்றாள். வீட்டுக்காரர்? கப்பலில். அம்மா? இல்லை. அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். தனக்குத் தானே துணையென்று கையெழுத்துப் போட்டாள்.

சிறுநீர்த் தொற்று, காய்ச்சலாக முற்றிவிட்டது என்றார் டாக்டர். இந்த நேரத்தில் சிறுநீரை அடக்குவது ஆபத்து, தொற்று முற்றினால் குழந்தை மாதம் முந்தியே பிறந்துவிடக்கூடும் என்று விளக்கினார். நரம்பில் மருந்து ஏறியது. இறுக்கம் மெல்ல மெல்ல விட்டது. வயிற்றில் கருவியை வைத்து குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தபோதுதான் அவளுக்கு அழுகை பீறிட்டது. பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி மாமியார்களும் தங்கைகளும் பாத்திரங்களுமாக ஒரே இரைச்சல். அவள், அங்கிருந்த நர்ஸ் சொன்னபடி இடப்பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தப் பக்கம் படுத்தால் குழந்தைக்கு ரத்தம் நன்றாகப் போகுமாம். சுவரைப் பார்ப்பதற்கும் அது தோதாக இருந்தது.

புருஷன் பேசியபோது சும்மா சளி என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கிளினிக் நர்ஸ் மட்டும் அவளை விடவில்லை. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டதற்கு அவள் கழிப்பறைக் கதையைச் சொன்னாள். மாத்திரையை எதோடு போடுகிறாய் என்றதற்குத் தேநீரோடு என்றாள். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைச் சாற்றோடு போடு, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வை என்றாள். காய்ச்சல், ரத்தக் கசிவு, பனிக்குடத் தண்ணீர் போவது, தலைவலியோடு கண் மங்குவது, முகம் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வாய் இருக்கு, ஊருக்கே அறிவிப்பு சொல்றே. உனக்கு வேணும்னா ஏன் கேக்க மாட்டேங்கிறே?"

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், துளை வழியே சீட்டு வந்தபோது அவள் குனிந்து அதே துளையில் பேசினாள்.

"சார், நான் அப்பப்போ கீழ போகணும். அந்த நேரம் நீங்க மைக்கைப் பாத்துக்கணும்."

"போயிட்டு வா. நான் உளறினா கண்டுக்காதே" என்றார் அவர்.

மறுநாள் அவள் மேசைக்கடியில் கால் வைத்துக்கொள்ள ஒரு காலி மரப்பெட்டி கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர்கள் ஒன்றும் பெரிய சிநேகிதர்களாகிவிடவில்லை. அவர் மனைவி எப்படி இருப்பாள், பிள்ளைகள் உண்டா என்பதெல்லாம் கடைசிவரை அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் எழுந்தால் அவர் எழுந்து வந்தார். தப்புத் தப்பாக அறிவித்துப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நிறைமாதத்தில் ஒரு காலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது வலி கண்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு நெருங்கி நெருங்கி. தயாராக வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, அடுப்பை ஒருமுறை சரிபார்த்து, கதவைப் பூட்டி, தானே ஆட்டோ பிடித்தாள். பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடையிலும் குரலிலும் குறைவில்லை. அக்கா மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். புருஷன் போன் திரையில் குழந்தையைப் பார்த்ததும் கண்ணைத் துடைக்கப் போனைத் திருப்பிக்கொண்டான்; திரையில் கப்பலின் இரும்புச் சுவர்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவனிடம் காய்ச்சல் கதையைச் சொன்னாள். "என்கிட்ட எதையும் மறைக்காதே" என்றான். சரி என்றாள்.

அக்கா கொஞ்ச நாள் இருந்து, துணி துவைத்து, குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். கதவு சாத்தியதும் அறை அமைதியானது. குழந்தை தூங்கிய இடைவெளியில் அவள் தட்டில் சோறு போட்டு, நின்றபடியே அள்ளி வாயில் போட்டாள். நாலு வாய்க்குள் குழந்தை சிணுங்கியது. தட்டை வைத்துவிட்டு ஓட இருந்தவள், பால் கொடுப்பவள் வயிற்றைக் காயப்போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். குழந்தையை இடது கையில் வாரி மடியில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மீதிச் சோற்றையும் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள்.